கிட்டாரைத் திறந்தது யாரு

கொஞ்சம் நவுந்துக்கிடுங்க தம்பி. உங்களுக்கும் பாளையங்கோட்டைதானா? நல்லதாப் போச்சு.

நமக்கு முன்னால ஒரு பஸ்சு கிளம்பிப் போச்சுல்லா, அதுல என் வீட்டுக்காரி போறா. அவளுக்கும் பாளையங்கோட்டைதான். புருசனும் பொண்டாட்டியும் ஒரே ஊருக்கு எதுக்கு ரெண்டு பஸ்சுல போறீயன்னு நீங்க கேக்கலை. ஆனா உங்க முகம் கேக்குது. எனக்கு முகத்தைப் பாத்தாப் போதும். தூத்துக்குடியில மில்லு கேட்டுல நின்னவன் நான். தூக்குச்சட்டியை ஒரு ஆட்டு ஆட்டினா உள்ள இருக்கது சோறா, மில்லுச் சாமானான்னு சொல்லிருவேன். வாட்ச்மேன்னு நினைச்சிராதீங்க. செக்யூரிட்டி சூப்பர்வைசர். மிக்கேல் சூப்பர்வைசர் நிக்காருன்னா, கேக்குறதுக்கு முன்னாலயே மடியை அவுத்துக் காட்டிட்டுப் போவானுவ.

நடந்ததைச் சொல்லுதேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

என் வீட்டுக்காரி பேரு பெர்பெத்து. கான்வென்ட்டுல தையல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. மகளைக் கெட்டிக் குடுத்தாச்சு, பம்பாய்ல இருக்கா. வீட்டுல நானும் அவளுந்தான். போன வருசம் மழைக்கு முன்னால ஒரு நாள் காலையில, ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்ல இருந்து ஒரு பெட்டியை இறக்குதா. "என்னளா அது?"ன்னேன். "அப்பா கிட்டாரு"ங்கா.

நீங்க நினைக்கிற கிட்டார் இல்ல தம்பி. இது மடியில படுக்கப் போட்டு வாசிக்கது. ஹவாயன் கிட்டாருன்னு சொல்லுவாவ. இடது கையில ஒரு இரும்பு உருளையைப் பிடிச்சு, கம்பி மேல வச்சு இழுக்கணும். கரண்டுல பேசுறது. பாக்க ரெண்டு முழம் நீளத்துல கறுப்பா இருக்கும், தூக்கினா அம்மிக்கல்லு கனம். கம்பிக்கு மேல குதிரை லாடம் மாதிரி ரெண்டு காந்தம் வளைஞ்சு நிக்கும். அவ அப்பா துறைமுகத்துல சரக்குக் கணக்கு எழுதுன மனுசன். கப்பல்ல வந்த ஒரு வெள்ளைக்காரன் அவருக்குக் குடுத்துட்டுப் போனானாம். ஏன் குடுத்தான்? கல்யாணம் ஆன புதுசுலயே கேட்டேன். "எங்க அப்பா அவனுக்கு மீன் குழம்பு குடுத்தாவ"ன்னா. மீன் குழம்புக்கு எவனாவது கிட்டாரைக் குடுப்பானா? மாமனாரு விசயம்னு விட்டுட்டேன். ஆனா மனசுல குறிச்சுக்கிட்டேன்.

அப்ப அவ வாசிப்பா. நல்லாத்தான் வாசிப்பான்னு நினைக்கேன். எனக்கு நைட் ஷிப்டு தம்பி, பகல்ல தூங்கணும். அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னா, யாரோ அடுத்த ரூம்புல அழவும் செய்யாம பேசவும் செய்யாம இருக்க மாதிரி இருக்கும். தூக்கம் எப்படி வரும்? "அதைக் கொஞ்சம் மேல எடுத்து வையி"ன்னேன். வச்சா. அவ்வளவுதான். வாசிக்காதன்னு நான் ஒரு நாளும் சொன்னது கிடையாது. அப்புறம் எனக்கு டே ஷிப்டு வந்துச்சு, ரிட்டயரும் ஆயிட்டேன், அவ இறக்கவே இல்ல. அவளுக்கே மறந்துபோச்சுன்னு நினைச்சிருந்தேன்.

"இப்ப எதுக்கு அது?"ன்னு கேட்டேன்.

"வாசிக்கணும் போல இருக்கு."

இதுதான் அவ சொன்ன பதில். ஒரு மனுசிக்கு இத்தனை வருசம் கழிச்சு திடீர்னு வாசிக்கணும் போல இருக்குமா? போல இருக்குன்னா என்ன அர்த்தம்? எதுக்கும் ஒரு காரணம் வேண்டாமா?

ரிப்பேருக்குக் கொண்டு போகணும்னா. எங்கன்னு கேட்டேன். மார்க்கெட் பக்கம் அருமைநாயகம்னு ஒருத்தன், மைக் செட்டு, ஆம்ப்ளிபயர் எல்லாம் ரிப்பேர் பாக்கான், அவன்ட்டன்னா. அவனை உனக்கு எப்படித் தெரியும்? "கோயில் திருநாளுக்கு மைக் செட்டு போட வருவாருல்லா, அவருட்ட கேட்டு வச்சேன்"ங்கா. அப்போ கிட்டாரை இறக்குறதுக்கு முன்னாலயே பேசி வச்சிருக்கா. குறிச்சுக்கிட்டேன்.

நானும் கூடப் போனேன். அருமைநாயகத்துக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும். பொண்டாட்டி செத்துப் போச்சு. கடைக்குள்ள கால் வைக்க இடமில்ல, எங்க பாத்தாலும் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டி. இவளைப் பாத்ததும், "வாங்கக்கா"ங்கான். அக்கான்னு கூப்பிட்டா நம்பிருவமா? என்னைப் பாத்து, "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க"ன்னான். அண்ணாச்சின்னு ஊரே கூப்பிடும், அதை விடுங்க.

பெட்டியைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்னுட்டான். "இது எங்கக்கா கிடைச்சுது?"ன்னான். வயரையெல்லாம் தொட்டான், தொட்ட இடத்துல ரப்பர் மாவா உதிர்ந்துச்சு. மீட்டரை எடுத்து ரெண்டு முனையை வச்சான். முள்ளு அசைஞ்சுச்சு. "காயிலு உசுரோட இருக்கு. அதுதான் முக்கியம். அது அந்து போயிருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. மத்ததெல்லாம் மாத்திரலாம்"ன்னான். அந்தக் காந்தத்துக்கு நடுவுல ஒரு காயிலு இருக்காம். தலைமுடியை விடச் சன்னமான செம்புக் கம்பியை ஆயிரக்கணக்குல சுத்தி வச்சதாம். மேல நாம வாசிக்க கம்பி ஆடுறதை அதுதான் சத்தமா மாத்துதாம். அவன் சொன்னது.

"விட்டுட்டுப் போங்க"ன்னான். விடுவனா? ஸ்டூலைப் போட்டு எதிர்லயே உக்காந்தேன். வயரை மாத்தினான், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகை மாத்தினான், காயிலு மேல இருந்த பழைய துணியை எடுத்துட்டுப் புது டேப்பு சுத்தினான். கம்பி மாட்டினான். ரெண்டு மூணு நாளு ஆச்சு, நானும் போய்க்கிட்டே இருந்தேன். கடைசி நாளு பெர்பெத்து வந்தா. கிட்டாரை மடியில வாங்கி வச்சா, இரும்பை எடுத்தா, ஒரே ஒரு இழுப்பு இழுத்தா.

சும்மா சொல்லக் கூடாது. கடைக்கு வெளியில ஐஸ் இறக்கிக்கிட்டு இருந்தவன் திரும்பிப் பாத்தான்.

அருமைநாயகம் கண்ணைத் துடைக்கான் தம்பி. அடுத்தவன் பொண்டாட்டி கிட்டார் வாசிச்சா இவனுக்கு எதுக்கு கண்ணு கலங்குது? அப்புறம் சொல்லுதான், "அக்கா, திருகு கொஞ்சம் கரகரங்குது. நல்லதா ஒண்ணு மெட்ராஸ்ல இருந்து வரச் சொல்லுதேன், இங்கயே இருக்கட்டும்." இருக்கட்டுமாம்! "வேண்டாம் வேய், கரகரத்தாப் பரவாயில்ல"ன்னு நானே பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

டீக்கடையில ஒருத்தன்ட்ட இதைச் சொன்னேன். அவன் சொன்னான், "அண்ணாச்சி, அந்தக் காலத்துக் காந்தத்துக்கு இப்ப வெளிநாட்டுல கிராக்கி. ரிப்பேர்க்காரனுவ உள்ள இருக்கதை உருவிட்டு டூப்ளிகேட்டை வச்சு விட்டிருவானுவ." நான் எதிர்லயேதான் இருந்தேன். ஆனா மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன்லா? அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?

ஞாயித்துக்கிழமை அவ பூசைக்குப் போனா. நான் காலு வலின்னு வீட்டுல இருந்துட்டேன். திருப்புளியை எடுத்துத் திறந்தேன். காந்தம் அதுதான். ஆனா அந்தக் காயிலு மேல புது டேப்பு. ஏன் புது டேப்பு? எதையோ மறைக்கத்தான்? டேப்பை மெதுவாப் பிரிச்சேன். உள்ள செகப்பா பளபளன்னு இருந்துச்சு. சந்தேகப்படுற மாதிரி ஒண்ணும் தெரியலை. ஒரே ஒரு நூலு மட்டும் ஓரத்துல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மில்லுல இருந்தவன் கை தம்பி. நூலு நீட்டிக்கிட்டு இருந்தா விரலு தானாப் போகும். பிச்சுப் போட்டேன். டேப்பை இருந்தபடியே ஒட்டி, ஸ்க்ரூவையெல்லாம் இறுக்கி, பெட்டிக்குள்ள வச்சுட்டேன். என் வேலையில குத்தம் சொல்ல முடியாது.

சாயங்காலம் அவ வாசிக்க உக்காந்தா. அந்தக் காலத்து ஆம்ப்ளிபயர் எப்பவோ வீணாப் போச்சு, அருமைநாயகம் ஒரு சின்னது இரவல் குடுத்திருந்தான். வயரைச் சொருகினா. உம்முனு ஒரு இரைச்சல். அவ்வளவுதான். இழுக்கா, தட்டுதா, திருகைத் திருகுதா. ம்ஹூம்.

"பாத்தியா, நான் சொல்லலை?"ன்னேன். "ஒரு வாரம் கூடத் தாங்கலை அவன் வேலை!"

அவ தரையைப் பாத்தா. பெறகு விளக்குமாத்தை எடுத்து அந்த இடத்தைப் பெருக்கினா. பெருக்கி, குனிஞ்சு எதையோ எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. என்னன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல, முடி"ங்கா.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா கடைக்குப் போனேன். அவளும் பின்னாலயே வந்தா. கடையில நாலு பேரு நின்னாவ. நல்லதுன்னு நினைச்சேன்.

"என்ன வேய் எடுத்தீரு உள்ள இருந்து?"

"என்னாச்சு அண்ணாச்சி? மொதல்ல உக்காருங்க."

"உக்கார வரலை. சத்தம் செத்துக் கெடக்கு. உம்ம கைதான் பட்டுச்சு. சொல்லும், எதை எடுத்தீரு, எதை வச்சீரு?"

அவன் பெட்டியைத் திறந்தான். மீட்டரை வச்சான். முள்ளு அசையலை. திரும்பவும் வச்சான். அசையலை. டேப்பை விரலால தடவினான். முகம் சுண்டிப் போச்சு.

"காயிலு அந்துருக்கு. டேப்பைப் பிரிச்சு ஒட்டிருக்காவ. திறந்தது யாரு?"

என்னைப் பாக்கான். நானும் அவனைப் பாக்கேன். என் வீட்டுப் பொருளு, நான் திறப்பேன், மூடுவேன், அதுல என்ன தப்புன்னு கேக்க வாயெடுக்கேன். அதுக்குள்ள பெர்பெத்து முந்திக்கிட்டா.

"நாந்தான் தம்பி. தூசி தொடைக்கலாம்னு திறந்தேன். எம் மேலதான் தப்பு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பச்சைப் பொய்! திருப்புளியைக் கையில பிடிச்சது கிடையாது அவ. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்ட்ட ஒரு பொய் சொன்னது கிடையாது. நாலு பேரு முன்னால கூசாமச் சொல்லுதா. யாரைக் காப்பாத்த? நான் அவனைப் பிடிச்சு வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கேன், சிக்குற நேரத்துல பழியைத் தன் மேல போட்டுக்கிடுதா. அப்ப அவனைக் காப்பாத்தத்தானே? வேற யாரைக் காப்பாத்துறதுக்கு அந்த இடத்துல ஆளு இருக்கு? சொல்லுங்க.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியலை."

ரொம்ப நேரம் என் முகத்தையே பாத்தா. நான் கேட்டுல நின்னு எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், என்னை அப்படி யாரும் பாத்தது கிடையாது. கடைசியில, "சரி, கை கழுவிட்டு வாங்க, சோறு போடுதேன்"னா.

பெறகுதான் கதையே. காயிலைப் புதுசாச் சுத்தணும். அருமைநாயகம் சீலிங் பேன் காயிலு சுத்தினவன், இவ்வளவு சன்னத்துல சுத்தினது கிடையாதாம். "முயற்சி பண்ணுதேன்க்கா, உறுதி சொல்ல மாட்டேன்"ன்னான். எங்கயோ சொல்லி அந்தக் கம்பியை வாங்கினான். மேசையில கைத் ட்ரில்லு ஒண்ணை முறுக்கி வச்சு, அதுல காயிலைக் கோத்து, ஒருத்தர் கைப்பிடியைச் சுத்தணும், இன்னொருத்தர் கம்பியைக் கொஞ்சங் கொஞ்சமா விடணும். கூட இழுத்தா அந்துரும், தொய்ய விட்டா சிக்கிரும். அவன் தடிச்ச விரலுக்கு அது நிக்கலை. பெர்பெத்து, "நான் விடுதேன், நீங்க சுத்துங்க தம்பி"ன்னா. தையல்காரி விரலு. தினம் மத்தியானம் சோறாக்கி வச்சுட்டுக் கிளம்பிருவா.

வெளியில மழை கொட்டுது. நான் எதிர்த்த டீக்கடைப் பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். உள்ள அவுக ரெண்டு பேரும் பேசவே மாட்டாவ. எனக்கு அதுதான் சந்தேகம். ஒண்ணும் இல்லாதவுக பேசுவாவ, மழையைப் பத்தி, விலைவாசியைப் பத்தி. இவுக பேச மாட்டாவ. அவன் சுத்துதான், இவ ரெண்டு விரலுக்கு நடுவுல அந்தக் கண்ணுக்கே தெரியாத கம்பியை விடுதா. மணிக்கணக்கா. பட்டுன்னு அந்துரும். அப்ப சிரிப்பா தம்பி! வாயைப் பொத்திக்கிட்டு, தோளு குலுங்கச் சிரிப்பா. பாடுபட்டதெல்லாம் பாழாப் போச்சு, அதுக்கு ஒரு சிரிப்பு. வீட்டுல அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே கிடையாது. குறிச்சுக்கிட்டேன்.

ஒரு நாளு அருமைநாயகத்துக்கு அவசரமா ஏரலுக்கு ஒரு கல்யாண வீட்டு மைக் செட்டு. கடையை இவகிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிட்டான். சாவியைக் குடுத்துட்டுப் போறான்னா பாத்துக்கிடுங்க. நான் வழக்கம் போலப் பெஞ்சுல இருக்கேன். அவ வாசலுக்கு வந்து ரோட்டுக்கு இந்தப் பக்கம் பாத்துச் சத்தமாக் கூப்பிடுதா.

"என்னங்க, சும்மாத்தான இருக்கீய? வந்து சுத்துங்க."

டீக்கடைக்காரன் சிரிக்கான். நான் அங்க இருக்கது அவளுக்கு எப்பத் தெரிஞ்சுதோ. போனேன். எதிர் ஸ்டூல்ல உக்காந்தேன். கைப்பிடியைப் பிடிச்சேன்.

"மெதுவா. நான் விடுற வேகத்துக்குச் சுத்துங்க. உங்க வேகத்துக்குச் சுத்தாதீய."

சுத்தினேன். அவ விரலை அவ்வளவு பக்கத்துல வச்சு நான் பாத்து ரொம்பக் காலம் ஆச்சு. பெருவிரல்ல ஊசி குத்துன தழும்பு புள்ளி புள்ளியா இருக்கு. அதுல கம்பி ஓடுது, ஓடுறது தெரியலை, வெளிச்சம் பட்டா மட்டும் ஒரு மின்னு மின்னுது. எனக்கு மூச்சு விடவே பயமா இருந்துச்சு. எதுக்கு என்னைக் கூப்பிட்டா? அவன் இல்லைங்கதுக்காகவா? இல்ல, எனக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னா? இதை யோசிச்சுக்கிட்டேதான் சுத்தினேன். ஒரு பேச்சு பேசலை ரெண்டு பேரும். பேசத் தோணலை. பொழுது சாயிற நேரம், "போதும், நிப்பாட்டுங்க"ன்னா. அப்பத்தான் பாத்தேன், காயிலு நிறைஞ்சிருக்கு. ஒரு தடவை கூட அந்து போகலை.

மறுநாள் அருமைநாயகம் வந்து மீட்டரை வச்சான். முள்ளு அசைஞ்சுச்சு. இத்தனை நாளு அவன் சுத்துனதெல்லாம் அந்து போச்சு, நான் சுத்தினது நின்னுச்சு. அதை அவன் வாயால சொல்ல வச்சேன். "அண்ணாச்சி கைராசி"ன்னான். எனக்கு ஐஸ் வைக்கதுக்குச் சொல்லுதானோன்னு எனக்கு அதுலயும் ஒரு இது.

காந்தத்தை மாட்டி, ஈயம் பத்த வச்சு, கம்பி பூட்டிக் குடுத்தான். அவ வாசிச்சா. சத்தம் வந்துச்சு. ஆனா பழைய சத்தம் இல்ல. எனக்கே தெரிஞ்சுச்சு. முன்ன அது நெஞ்சுல இருந்து வார மாதிரி இருக்கும். இது கொஞ்சம் மேல, தொண்டையில இருந்து வருது. அருமைநாயகம் தலையைத் தொங்கப் போட்டுட்டான். "பழைய சத்தத்தைக் கொண்டு வர முடியலைக்கா. மன்னிச்சிருங்க."

"கேக்குதுல்லா தம்பி. அது போதும்"னா. அவனை ஒரு வார்த்தை வையலை. என்னையும் ஒரு வார்த்தை வையலை. என்னை எதுக்கு வையணும்ங்கீயளா? நானும் அதைத்தான் சொல்லுதேன்.

இப்ப என்னன்னா, பாளையங்கோட்டையில சிஸ்டர்மாரு நடத்துற முதியோர் இல்லம் ஒண்ணு இருக்கு. கான்வென்ட்டுல கூட இருந்த சிஸ்டர் ஒருத்தி கூப்பிட்டாளாம். சனிக்கிழமை சனிக்கிழமை போய் அங்க வாசிக்கா. "நானும் வாரேன்"னேன். "உங்களுக்கு எதுக்கு அலைச்சல், இருங்க"ங்கா. கேட்டீயளா? கூட வாரேன்னு சொல்லுத புருசனை எந்தப் பொண்டாட்டி வேண்டாம்பா? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அவ பஸ்சு கிளம்பினதும் அடுத்த பஸ்சு.

மொத வாரம் போய், காம்பவுண்டுச் சுவரோரமா நின்னு நல்லாப் பாத்தேன். அருமைநாயகம் இருக்கானான்னு அடுப்படிப் பக்கம், தோட்டத்துப் பக்கம் எல்லாம் தேடினேன். இல்ல. வேற ஆம்பளைன்னு பாத்தா, பல்லுப் போன நாலஞ்சு தாத்தாமாருதான். நடுவுல இவ உக்காந்து மடியில வச்சு இழுக்கா. கோயில் பாட்டு ரெண்டு மூணு. அப்புறம் பாட்டுன்னு சொல்ல முடியாத ஒண்ணு, அவளாப் போட்டது போல. மெதுவா ஏறும், ஏறி நிக்கும், அப்படியே வழுக்கிக்கிட்டு இறங்கும். படுக்கையில கெடந்த ஒரு கிழவி கையை மட்டும் தூக்கி ஆட்டிக்கிட்டே இருந்தா. நானும் நின்னு கேட்டேன். கேட்டாத்தானே என்ன நடக்குதுன்னு தெரியும்? எல்லாரும் சாப்பிடப் போற வரைக்கும் நின்னேன். ஒண்ணும் சிக்கலை. அடுத்த வாரமும் போனேன். அப்பவும் சிக்கலை. இந்த வேலையில அவசரப்படக் கூடாது. மழையோ வெயிலோ, ஒரு வாரம் விடலை நான்.

போன வாரம் என்ன ஆச்சு தெரியுமா? சன்னலோரமா மறைவா நிக்கேன். உள்ள அவ அந்தப் பாட்டை ஆரம்பிச்சுட்டா. சின்ன வயசு சிஸ்டர் ஒருத்தி நேரா என்கிட்ட வாரா. ஒரு கையில நாற்காலி, ஒரு கையில டம்ளரு. நாற்காலியைப் போட்டு, "உக்காருங்கய்யா, காலு வலிக்கும்"ங்கா. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. யாரு குடுக்கச் சொன்னாவன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டுப் போயிட்டா. டம்ளரை வாங்கிக் குடிச்சேன். சீனி போடாத டீ தம்பி.

எனக்குச் சக்கரை இருக்குன்னு அந்த சிஸ்டருக்கு எப்படித் தெரியும்? அவளை நான் அதுக்கு முன்னால பாத்ததே இல்ல. உள்ள இருந்து யாரோ சொல்லிருக்காவ. நான் வாரது, நிக்கது, எந்தச் சன்னல்லன்னு எல்லாத்தையும் கவனிச்சு வச்சிருக்காவ. எத்தனை வாரமாவோ.

இன்னைக்கு அதை விட மாட்டேன். அந்த நாற்காலியில போய் உக்காந்து, பாட்டு முடியிற வரைக்கும் இருந்து, டீயையும் வாங்கிக் குடிச்சுட்டு, அது யாருன்னு பாக்காம எந்திரிக்க மாட்டேன்.

ஏன் தம்பி சிரிக்கீய?